சேம அச்சு

தமிழாசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் கட்டுரைத் தொகுப்பொன்றில் லோரியைப் பற்றி எழுதப் புகுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நிலவும் நீரோடையும் இருக்க வேண்டிய இடத்தில் டீசல் புகைக்கு என்ன வேலை என்று முகம் சுளிப்போரும் உண்டு. அவர்களுக்கு நான் புறநானூற்றின் 102ஆம் பாட்டைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். ஔவையார் பாடியது அது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ வந்த அப்பெருமாட்டி உவமையாக எடுத்துக்கொண்டது எதனை? உப்பு வணிகரின் பார வண்டியைத்தான். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பண்டம் மிகுதி. வழியில் பள்ளமும் மேடும் உண்டு. எந்த இடத்தில் என்ன நேருமோ என்று அஞ்சிய உமணர்கள், வண்டியின் அடிமரத்தில் மற்றோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர்.

வகுப்பறையில் இப்பாட்டு வந்தால் பெரும்பாலும் உவமை நயத்தோடு நின்றுவிடுகிறோம். அந்த உமணர்களைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். கூடுதல் அச்சு என்பது கூடுதல் பாரம். அந்த எடைக்கு உப்பு ஏற்றியிருந்தால் இரண்டு காசு மிகுதியாகக் கிடைத்திருக்கும். எந்த அதிகாரியும் வழியில் நிறுத்திச் சோதிக்கப் போவதில்லை. அப்படியிருந்தும் கட்டினார்கள். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னதும் இதே கவலையின் மற்றொரு முகம்தான். பார வண்டியின் பாதுகாப்பு நம் இலக்கியத்திற்குப் புதியதன்று.

நான் 1979 முதல் 2012 வரை கிள்ளான் துறைமுகத்தை அடுத்த ஒரு லோரி நிறுவனத்தில் கிராணியாக வேலை பார்த்தவன். லோரி ஓட்டத் தெரியாது. லோரிகளின் தாள்களைத்தான் ஓட்டினேன். சுமையுந்து, சரக்குந்து என்றெல்லாம் நல்ல தமிழ்ச் சொற்கள் வந்துவிட்டன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் எங்கள் கொட்டகையில் அதை லோரி என்றே எல்லாரும் அழைத்தார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் அவ்வாறே சொல்லிப் பழகிய வாய் இனி மாறாது.

எங்களிடம் இருபத்திரண்டு லோரிகள் இருந்தன. லோரிக்கு ஒரு கோப்பு. அதனுள் சாலை வரி, காப்புறுதி, வணிக வாகன உரிமம், சோதனைச் சான்று எனப் பல தாள்கள். ஓட்டுநருக்கு வேறொரு கோப்பு. அதில் அவருடைய ஓட்டுநர் உரிமமும், சரக்கு வாகனம் ஓட்டுவதற்கென்று தனியே பெற வேண்டிய ஜி.டி.எல். உரிமமும் இருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் காலாவதியாகும். சுவர் நாட்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு வைப்பேன். ஒரு தாள் காலாவதியானாலும் அந்த லோரி சாலையில் இறங்கக் கூடாது. இது சட்டம். இச்சட்டத்தைக் காப்பது எளிது. அதற்கு ஒரு பென்சில் போதும். தாளுக்கு அப்பால் லோரியின் அடிவயிற்றில்தான் கடினமான பகுதி இருக்கிறது.

நம் நாட்டுச் சரக்கு லோரிகளின் கதவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உரிமையாளரின் பெயரும் முகவரியும், அவற்றின் கீழே இரண்டு எண்களும் வெள்ளைச் சாயத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒன்று 'பெராட் தன்பா முவாத்தான்', அதாவது வெறும் லோரியின் எடை. மற்றொன்று 'பெராட் டெங்கான் முவாத்தான்', பாரத்தோடு சேர்த்து அது இருக்கத்தக்க உச்ச எடை. மலாய்ச் சுருக்கெழுத்துகளாக இவற்றை எழுதும்போது நடுவெழுத்து மட்டுமே வேறுபடும். தமிழெழுத்தில் எழுதினாலோ இரண்டும் 'பி.டி.எம்.' என ஒன்றாகிவிடும். நம் எழுத்தின் இந்த இடர்ப்பாட்டை எண்ணிப் பலமுறை நான் சிரித்ததுண்டு. முதல் எண் 7,000 கிலோகிராம், இரண்டாம் எண் 16,000 கிலோகிராம் என்றால், அந்த லோரி 9,000 கிலோகிராம் வரை ஏற்றலாம். இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு. கதவிலேயே விடையோடு எழுதப்பட்டிருக்கும் இக்கணக்கைப் போல நாட்டில் அதிகம் மீறப்பட்ட கணக்கு வேறு உண்டா என்பது ஐயமே.

அளவு மீறினால் என்ன ஆகும்? ஐக்கிய அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை சாலைகளைப் புதிதாக அமைத்து, அவற்றின்மேல் லோரிகளை ஓயாமல் ஓட்டி ஒரு பெரும் ஆய்வு நடத்தினார்கள். அச்சின்மேல் விழும் பாரம் இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்று அதிலிருந்து கணக்கிடப்பட்டது. சாலைக்கே இவ்வாறென்றால் பிரேக்கின் நிலை என்ன? மேட்டிலிருந்து இறங்கும் லோரியின் விசை முழுவதையும் சக்கரத்தின் உருளையில் உராயும் சில பட்டைகள் வெப்பமாக மாற்றித் தின்றாக வேண்டும். பாரம் ஏறினால் அதே அளவுக்கு விசை ஏறும். வேகம் ஏறினாலோ வர்க்கக் கணக்கில் ஏறும். 60 கிலோமீட்டரிலிருந்து 90 கிலோமீட்டருக்குப் போனால் விசை இரண்டேகால் மடங்காகிவிடும். உருளை அளவு கடந்து சூடேறிவிட்டால் பட்டை பிடிப்பை இழக்கும். பெடலை எவ்வளவு அழுத்தினாலும் லோரி ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் செய்தித்தாளில் 'பிரேக் செயலிழந்தது' என்று இரண்டு சொற்களில் எழுதிவிடுவார்கள். பிரேக் தானாகச் செயலிழப்பது அரிது. பாரமும் வேகமும் தவறான கியரும் கூடித்தான் அதனைச் செயலிழக்கச் செய்கின்றன.

சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் சாலைப் போக்குவரத்து இலாகாவே வாகனங்களைச் சோதித்தது. 1994இல் அப்பணி புஸ்பாகோம் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் அது தனியுரிமையாக நடந்து, 2024 ஆகஸ்டு மாதத்தோடு அத்தனியுரிமை முடிந்தது. சரக்கு லோரிகள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குச் செல்ல வேண்டும். சக்கரங்களை உருளைகளின்மேல் ஏற்றிப் பிரேக்கின் வலிமையை அளப்பார்கள். பள்ளத்தில் இறங்கி அடிப்பகுதியைப் பார்ப்பார்கள். சுக்கான், விளக்கு, புகை யாவும் பார்க்கப்படும்.

அந்த நாளுக்கு முன்னிரவு எங்கள் வட்டாரத்துக் கொட்டகைகளில் ஒரு கல்யாண வீட்டுக் களை இருக்கும். சாயம் பூசுவார்கள், விளக்குகளைத் துடைப்பார்கள். வழுக்கையான டயர்களைக் கழற்றிவிட்டு, நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டும் நிறுவனங்களும் இருந்தன. இரவல் நகை அணிந்த மணப்பெண் போல லோரி போகும். சான்று வாங்கி வரும். மாலையில் நகைகள் கழற்றப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். ஆண்டில் இரண்டு நாள் சட்டப்படி இருந்த லோரி மற்ற நாள்களில் எப்படி இருந்தது என்பதை அந்தச் சான்று சொல்லாது. சோதனை செய்வோரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்கள் பார்த்த அன்று லோரி நன்றாகத்தான் இருந்தது.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை அல்லாமல் நாள்தோறும் சோதனை நடத்திய ஒருவரை நான் அறிவேன். எங்கள் ஓட்டுநர்களுள் மூத்தவர். எல்லாரும் அவரைப் பெரியண்ணன் என்றே அழைத்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். விடியற்காலை நான்கு மணிக்குக் கையில் ஓர் இரும்புத் தடியோடு லோரியைச் சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் தட்டி ஓசையைக் கேட்பார். இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருக்கும் டயரில் காற்று இறங்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். பறை கொட்டி இசை பார்ப்பவர் போல அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு நிற்பது இன்னும் என் நினைவில் இருக்கிறது. பெரிய லோரிகளின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. நம் நாட்டின் ஈரக்காற்றில் அந்தக் காற்றுத் தொட்டியினுள் நீர் சேரும். தொட்டியடியிலுள்ள சிறு குழாயைத் திறந்து அந்நீரை நாள்தோறும் வடிப்பார். பின் இயந்திரத்தை அணைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார். முள் இறங்கினால் எங்கோ காற்றுக் கசிகிறது என்று பொருள். கொள்கலன் ஏற்றிய நாள்களில் நான்கு மூலைப் பூட்டுகளையும் தாமே கையால் திருகிப் பார்ப்பார். கெலிண்டான் பூட்டிவிட்டதாகச் சொன்னாலும் நம்பமாட்டார். பூட்டாத கொள்கலன் வளைவில் சரிந்தால் பக்கத்தில் வரும் காருக்கு என்ன கதியாகும் என்பதைக் கிள்ளான் வட்டாரத்தார்க்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவை அனைத்தையும் பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் எழுதி வைப்பார். தமிழில்தான். 'பின் இடது உள் டயர் ஓசை சரியில்லை.' 'காற்று முள் சிறிது இறங்குகிறது.' 'வலது சிக்னல் எரியவில்லை, பல்பு போட்டேன்.' ஒவ்வொரு வரிக்கும் நாள் இட்டிருப்பார். எவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. புத்தகம் நிறைந்ததும் என் மேசையில் வைப்பார். நான் அந்த லோரியின் கோப்பில் சேர்ப்பேன். இன்று பெரிய நிறுவனங்களில் இதற்கு அச்சடித்த படிவங்கள் உண்டு. பல ஓட்டுநர்கள் லோரியில் ஏறுவதற்கு முன்பே எல்லாக் கட்டங்களிலும் சரிக்குறி இட்டுவிடுகிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். பெரியண்ணனின் புத்தகத்தில் சரிக்குறி என்பதே கிடையாது. குறைகள் மட்டுமே இருக்கும்.

1996ஆம் ஆண்டின் கடைசியில், மழைக்காலத்தில், குவாந்தானில் ஒரு கட்டுமான இடத்திற்கு இரும்புக் கம்பி ஏற்றிச் செல்லும் வேலை வந்தது. பெரியண்ணன் ஓட்டிய லோரி ஏற்றத்தக்கது 9 டன். எடைச் சீட்டில் இருந்ததோ 14 டன். சீட்டை விளக்கொளியில் பிடித்துப் படித்தார். பிறகு சாவியை என் மேசைமேல் வைத்தார்.

"கிராணித் தம்பி, அஞ்சு டன்ன எறக்கச் சொல்லுங்க. மிச்சத்த நான் கொண்டு போறேன்."

முதலாளி வந்தார். அவரைத் தீயவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுநர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கொடுத்தவர் அவர். ஆனால் வாடகை டன் கணக்கில் வந்தது. அடுத்த தெருவிலிருந்த நிறுவனம் அதே கம்பியை ஒரே நடையில் கொண்டுபோக ஒத்துக்கொண்டிருந்தது. இரண்டு நடையாகக் கொண்டுபோனால் டீசலுக்கும் சாலைக் கட்டணத்துக்கும் ஓட்டுநர் கூலிக்கும் போக எங்களுக்கு நட்டமே மிஞ்சும். இதை அவர் பெரியண்ணனிடம் பொறுமையாகவே சொன்னார். பெரியண்ணனும் பொறுமையாகவே கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது ஞாயந்தாங்க. ஆனா கெந்திங் செம்பா எறக்கத்துக்கு அந்த ஞாயம் தெரியாதுங்களே" என்றார். சாவியை எடுக்கவில்லை.

இருபத்து மூன்று வயது இளைஞன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு போனான். நடைக்கூலி அவனுக்குக் கிடைத்தது. மறுநாள் மாலை பத்திரமாகத் திரும்பியும் வந்தான். ஒன்றும் நேரவில்லை.

இதைப் படிப்போர் இவ்விடத்தில் ஒரு விபத்தை எதிர்பார்த்திருக்கக்கூடும். கதையாக இருந்தால் லோரி கவிழ்ந்திருக்கும். பெரியண்ணன் சொன்னது மெய்யாகியிருக்கும். நடந்ததோ வேறு. கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். பெரியண்ணனுக்கு வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது என்றார்கள். மூன்று வாரங்கள் அவருக்கு வெளியூர் நடை கொடுக்கப்படவில்லை. துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே குட்டி நடைகள் மட்டும்தான். அவற்றின் கூலி மிகக் குறைவு. அந்த மாதம் அவர் மனைவி என் மேசையருகே வந்து நின்று, நூறு வெள்ளி முன்பணம் கிடைக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஓட்டுநரின் மனைவி கொட்டகைக்குள் வந்து முன்பணம் கேட்பது எங்களிடம் வழக்கமில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். முதலாளி மறுக்காமல் கையெழுத்திட்டார்.

பத்து நாள் கழித்து அந்த இளைஞன் என்னிடம் தனியாக வந்தான். அடுத்த மாதம் தன்னைப் பெரியண்ணனோடு ஒரே லோரியில் போட முடியுமா என்று கேட்டான். கெலிண்டானாகப் போனாலும் சரியாம். ஏன் என்றேன். கெந்திங் செம்பாவைத் தாண்டிப் பெந்தோங் பக்கம் இறங்கும்போது எரிந்த நாற்றம் உள்ளே வந்தது என்றான். பெடல் பஞ்சு போல ஆகிவிட்டதாகவும், மூன்றாம் கியருக்கு மாற்ற முயன்று முடியாமல், கீழே சமதளம் வரும்வரை ஹாரனை அழுத்திக்கொண்டே போனதாகவும் சொன்னான். அவனுக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வேன் ஒன்று போய்க்கொண்டிருந்ததாம். அது தன் போக்கில் ஒதுங்கிக்கொண்டது. வேனை ஓட்டியவருக்கும் உள்ளே இருந்த பிள்ளைகளுக்கும் பின்னால் என்ன வந்தது என்று இன்றுவரை தெரியாது.

ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். இயந்திரமே லோரியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்குக்கு வேலை குறையும். டீசலை மிச்சம் பிடிக்கக் கியரை விடுவித்துச் சரிவில் உருளவிடும் பழக்கம் பலரிடம் இருந்தது. அதனை அவன் பெரியண்ணனிடமிருந்து அந்த ஓராண்டில்தான் மறந்தான் என்று சொல்ல வேண்டும். கற்றதைக் காட்டிலும் மறந்ததே அதிகம்.

இனிக் கூலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாதுகாப்புப் பற்றிய உரைகளில் யாரும் கூலியைப் பேசுவதில்லை. லோரி ஓட்டுநர்களுள் மிகப் பலருக்கு அடிப்படைச் சம்பளம் சிறியது. நடைக்கு இவ்வளவு என்பதே பெரும் வருமானம். மூன்று நடை போனவன் பிள்ளைக்குக் காலணி வாங்குவான். இரண்டு நடை போனவன் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60ஏ பிரிவு தெளிவாகவே பேசுகிறது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கினால் இடையே அரைமணிக்குக் குறையாத ஓய்வு தரவேண்டும். நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் பன்னிரண்டு மணியைத் தாண்டலாகாது. வாரத்துக்கு 48 மணியாக இருந்த வரம்பு 2023 ஜனவரி முதல் 45 மணியாகக் குறைக்கப்பட்டது. சம்பளம் எவ்வளவாயினும் இப்பாதுகாப்பு உண்டு என்று சட்டத்தின் முதல் அட்டவணை பெயர் சுட்டிச் சொல்வோருள் பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் வாகனம் ஓட்டுவோரும் அடங்குவர். இத்தனை இருந்தும், கப்பல் வந்த வாரத்தில் பதினாறு மணி நேரம் இருக்கையில் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் கட்டிப் போடவில்லை. நடைக்கூலிதான் உட்கார வைத்தது. விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணிகளில் உடல் தூக்கத்தைக் கேட்கும். அதே நேரத்தில்தான் சாலை காலியாக இருக்கும். நடையும் விரைவாக முடியும்.

எங்கள் கணக்குப் புத்தகத்தில் டீசல், டயர், பழுதுபார்ப்பு என்னும் தலைப்புகளுக்குப் பக்கத்தில் 'சம்மன்' என்றும் ஒரு தலைப்பு இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே இருந்த தலைப்பு. மாதத்துக்கு இவ்வளவு சம்மன் வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதையும் வாடகையில் சேர்த்துக் கணக்கிடுவார்கள். தண்டனை, செலவாக மாறிவிட்டது. அளவு மீறி ஏற்றுவதால் வரும் ஆதாயம் அபராதத்தைவிட அதிகமாக இருக்கும்வரை அந்தத் தலைப்பு புத்தகத்திலிருந்து நீங்காது என்பது என் கருத்து. இன்னொரு வழக்கமும் இருந்தது. வணிக வாகன உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும், லோரி வேறொருவருடையது, மாத வாடகை கொடுத்து உரிமத்தை இரவல் வாங்கி ஓட்டுவார்கள். விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று தேடத் தொடங்கினால், தாளில் இருப்பவர் லோரியைப் பார்த்தே இருக்கமாட்டார்.

2025 மே 13ஆம் நாள் காலை, பேரா மாநிலத்தில், தெலுக் இந்தானை அடுத்த சாலையில், கல் ஏற்றிய லோரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனத்தில் மோதியது. ஒன்பது பேர் மாண்டனர். அவர்கள் எங்கிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள்? தெலுக் இந்தானில் நம்மவர்கள் கொண்டாடிய சித்ரா பௌர்ணமி விழாவுக்குக் காவல் இருந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாம் தேரிழுத்தபோது கூட்டத்தைக் காத்து நின்றவர்கள். அவ்விபத்தை ஆராய்ந்த குழு, சுக்கான் அமைப்பில் நேர்ந்த கோளாற்றையும் அளவுக்கு மிஞ்சிய பாரத்தையும் எடுத்துரைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த 14 டன் எடைச் சீட்டுத்தான் கண்முன் வந்தது. ஒரு மாதம் கழியுமுன், ஜூன் 9ஆம் நாள், கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் பதினைந்து பேர் மாண்டார்கள். நம் ஆசிரியர்களுள் பலர் பயின்று வந்த தஞ்சோங் மாலிம் வளாகத்தை நோக்கி வந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள்.

இவற்றிற்குப் பின் அரசு கெடுபிடியை இறுக்கியது. கனவாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி செம்மையாக இயங்குகிறது என்பதற்குச் சான்று காட்டும் முறை 2025 அக்டோபர் முதல் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வந்தது. 2015 முதல் தயாரான வாகனங்களில் அக்கருவி முன்பே இருந்தது. அது இயங்கியதா என்பதுதான் கேள்வியாக இருந்தது. இக்கருவியை நான் வரவேற்கிறேன். ஆயினும் அது வேகத்தை மட்டுமே அறியும். கதவில் எழுதிய எடையை அறியாது. ஓட்டுநர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்பதையும் அறியாது.

ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கொரு வேண்டுகோள் உண்டு. 'சாலை விபத்துகளைத் தவிர்க்கும் வழிகள்' என்னும் தலைப்பு நம் பள்ளிகளில் எத்தனை தலைமுறையாக எழுதப்பட்டு வருகிறது! என் பேரனின் கட்டுரையைப் பார்த்தேன். என் மகன் எழுதியதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. வேகம், கவனக்குறைவு, மதுபோதை என்று மூன்று காரணங்கள். 'பேச்சைக் குறைப்பீர், வேகத்தைத் தவிர்ப்பீர்' என்பது போன்ற ஒரு முடிப்பு. பாரம் என்ற சொல் ஓரிடத்திலும் வராது. நடைக்கூலி வராது. இரவல் டயர் வராது. ஓட்டுநர்களின் பிள்ளைகள் பலர் அந்த வகுப்பில் இருந்தும் வராது. அவர்கள் வீட்டில் நாள்தோறும் கேட்பதைக் கட்டுரையில் எழுதக்கூடாது என்று எங்கோ கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இதைத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். சென்ற ஆண்டு அவர் தலைப்பை மாற்றி, 'என் வீட்டில் ஒருவர் செய்யும் தொழில்' என்று கொடுத்திருக்கிறார். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். அவள் தந்தை டிரைலர் ஓட்டுபவர். வடக்கே போகும் இரவுகளில், தாப்பா ஓய்விடத்தில் நிறுத்தி அரைமணி கண்ணயர்வாராம். அவர் படுக்கும்போது வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லுவார். அரைமணி ஆனதும் அவரை அழைத்து எழுப்புவது தாயின் வேலை. தாய் இரவு வேலைக்குப் போகும் வாரங்களில் அது தன் வேலை என்று எழுதியிருக்கிறாள். கடிகாரத்தைப் பார்த்தபடி விழித்திருப்பாளாம். சில நாள் அப்பா மிகவும் களைத்திருப்பது குரலில் தெரிந்தால், முப்பது நிமிடம் ஆன பிறகும் அழைக்காமல் நாற்பது நிமிடம் விட்டுவிடுவாளாம். அப்பாவுக்கு அது தெரியாதாம்.

நண்பர் அக்கட்டுரையில் இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தியிருந்தார். பத்து நிமிடத்தைப் பற்றி ஓரக்குறிப்பு எதுவும் எழுதவில்லை.